777 வேண்டாம், ஏசிஎல் போதும்

எங்கள் கல்லூரி ஆய்வகத்தின் லினக்ஸ் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு ஃபைல் திறக்கவில்லை என்றால் உடனே அதன் உரிமை எண்ணை 777 என்று போட்டுவிடும் பழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அந்த ஃபைலை எட்ட முடிகிற யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம் என்றுதான் அதற்கு அர்த்தம்.

படிக்க 4, எழுத 2, இயக்க 1; தரும் உரிமைகளைக் கூட்டினால் ஒரு இலக்கம். உரிமையாளர், குழு, மற்றவர்கள் என மூன்று தரப்புக்கு மூன்று இலக்கங்கள். மதிப்பெண் ஃபைலுக்கு 640 கொடுத்தால் ஆசிரியர் எழுதலாம், துறைக் குழு படிக்கலாம், மாணவர்களுக்கு ஒன்றும் கிடையாது. (அழிக்கும் உரிமை மட்டும் ஃபைலைப் பொறுத்ததல்ல, அது இருக்கும் ஃபோல்டரைப் பொறுத்தது. சொன்னால் பலரும் நம்புவதில்லை.)

சரி, வேறு துறையிலிருந்து வரும் தேர்வாளர் ஒருவர் மட்டும் அதைப் படிக்க வேண்டும் என்றால்? அவரைக் குழுவில் சேர்த்தால் குழுவின் மற்ற ஃபைல்களும் அவருக்குத் திறந்துவிடும். இங்கேதான் ஏசிஎல் தேவை, அதாவது யாருக்கு என்ன உரிமை என்று பெயர் சொல்லி எழுதும் பட்டியல். 'செட்எஃப்ஏசிஎல்' கட்டளையால் அவர் பெயருக்கு மட்டும் படிக்கும் உரிமை தரலாம். அப்புறம் ஃபைல்களை உரிமைகளோடு பட்டியலிடும் 'எல்எஸ் -எல்' போட்டால் உரிமை எழுத்துகளின் முடிவில் ஒரு கூட்டல் குறி தெரியும்.

அந்தக் குறி இருந்தால் நடு இலக்கம் குழுவின் உரிமை அல்ல, மாஸ்க். பெயர் சொல்லிக் கொடுத்த உரிமைகளுக்கும் குழுக்களுக்கும் அதுதான் உச்சவரம்பு. யாராவது உரிமை எண்ணை மாற்றும் 'சிஹெச்மோட்' கட்டளையால் 600 போட்டால் மாஸ்க் காலியாகிவிடும். தேர்வாளரின் பெயர் பட்டியலில் அப்படியே இருக்கும், ஆனால் அவரால் படிக்க முடியாது. ஏசிஎல் பட்டியலைக் காட்டும் 'கெட்எஃப்ஏசிஎல்' போட்டால் அவர் வரிக்குப் பக்கத்திலேயே நடைமுறையில் மிஞ்சிய உரிமை தெரியும். அதுவும் சரியாக இருந்தால், மேலே உள்ள ஃபோல்டர்களில் அவருக்கு இயக்கும் உரிமை (ஃபோல்டருக்கு அது உள்ளே நுழையும் உரிமை) இருக்கிறதா என்று பாருங்கள்.