குவாங்சோ சந்தையில் காய் வாங்கினால் போதும்

சீனாவுக்கு வேலைக்கு வரப்போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது சம்பளத்தையோ வாடகையையோ அல்ல, சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்பதைத்தான். நான் இருப்பது தெற்கே குவாங்சோவில், அதனால் என் பதில் இந்தப் பக்கத்துக்குத்தான் பொருந்தும். பெய்ஜிங் குளிரில் இருப்பவர் வேறு மாதிரி சொல்வார். பெருங்காயம், புளி, உங்கள் வீட்டு மிளகாய்ப்பொடி, இவற்றைக் கொண்டுவந்தால் போதும். பழமும் பச்சைக் காயும் கொண்டுவரச் சுங்கத்தில் அனுமதி கிடையாது. துவரம்பருப்பு தீர்ந்தால் ஐந்தாம் எண் மெட்ரோவில் சியாவ்பெய் பக்கம் போங்கள், வெளிநாட்டு மளிகைக் கடைகள் அங்கேதான் இருக்கின்றன. மற்றதெல்லாம் உங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே ஏதாவது ஒரு காய்கறிச் சந்தையில் கிடைத்துவிடும்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், புதிதாக வருகிற பலர் பெரிய சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டியும் நூடுல்ஸும் வாங்கிக்கொண்டு, இங்கே நம்ம சாப்பாடு கிடைக்காது என்று மனம் விட்டுப்போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். சந்தைக்குள் ஒருமுறை நுழைந்து பாருங்கள். பாகற்காய், பீர்க்கங்காய், முழம் நீளக் காராமணி, வெண்டைக்காய், கத்தரிக்காய், துண்டு போட்டு எடைக்கு விற்கிற நீர்ப்பூசணி, இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய். சிவப்புத் தண்டுக்கீரை கோடையில் கட்டுக்கட்டாக வரும். இங்கே அதைப் பூண்டு தட்டிப் போட்டு வதக்குகிறார்கள், கீரைத் தண்ணீர் பட்ட சோறு ரோஜா நிறமாகிவிடும், நான் அதில் ஒரு வரமிளகாய் கிள்ளிப் போடுவதோடு சரி. வேறொன்றும் வேண்டாம்.

எடை விஷயத்தில் கவனம் தேவை. பலகையில் எழுதியிருக்கும் விலை கிலோவுக்கு அல்ல, ஒரு ஜின்னுக்கு, அதாவது 500 கிராமுக்கு. எடையில் சந்தேகம் வந்தால் பல சந்தைகளில் வாங்கியவர்கள் சரிபார்த்துக்கொள்ளப் பொதுத் தராசு ஒன்று வைத்திருக்கிறார்கள், பையை அதில் வைத்துப் பார்க்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நான் வழக்கமாகக் காய் வாங்கும் அம்மா பேசுவது காண்டனீஸ், எனக்கு அதில் எண்களும் வணக்கமும் மட்டும்தான் வரும். ஆனாலும் பையைக் கட்டுவதற்கு முன் நாலு வெங்காயத்தாளும் கொஞ்சம் கொத்தமல்லியும் கேட்காமலே செருகிவிடுவார். ஆமாம், கொசுறு இங்கேயும் உண்டு! பேரம் பேசும் பழக்கத்தைக் கீரைக் கடையில் காட்டாதீர்கள், தேவையே இல்லை.

பணம் கொடுப்பது போனில். கீரைக்காரர், மீன்காரர், தெருவோரம் சோளம் அவித்து விற்பவர், எல்லோரிடமும் கியூஆர் அட்டை தொங்கும். ஸ்கேன் செய்ததும் கடைக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் இத்தனை யுவான் வந்தது என்று சத்தமாகச் சொல்லும். 2023 ஜூலையிலிருந்து வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளையும் அலிபே, வீசாட் என்ற பணம் செலுத்தும் செயலிகளில் இணைக்க முடிகிறது. அப்படி இணைத்தவர்களுக்கு 200 யுவானுக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, அதைத் தாண்டினால் 3 சதவீதம் பிடிப்பார்கள், ஆகவே பெரிய தொகையை ஒரே பில்லாகப் போடாதீர்கள். ரொக்கத்தை வாங்க மறுக்கக் கூடாது என்று சீன மத்திய வங்கி 2018-லேயே சொல்லிவிட்டது. இருந்தாலும் காலை நேரக் கூட்டத்தில் நூறு யுவான் தாளை நீட்டி, சில்லறைக்காக அந்த அம்மாவை அலையவிடுவது பாவம்.

மீன் உயிரோடு தொட்டியில் நீந்திக்கொண்டிருக்கும், கை காட்டினால் போதும், பிடித்து எடை போட்டு, செதிள் உரசி, குடலெடுத்துத் தந்துவிடுவார்கள். புல்கெண்டை மலிவு. முள் அதிகம்தான், ஆனால் புளிக்குழம்புக்கு நன்றாகப் பிடிக்கும். சும்மா விட்டால் மெல்லிசாகச் சீவிவிடுவார்கள், குழம்புக்கு வேண்டிய கனத்தை இரண்டு விரலால் காட்டிவிடுங்கள்.

தயிர்தான் கொஞ்சம் பாடு. கடையில் இருக்கும் பெரும்பாலான தயிர் இனிப்பு. சர்க்கரை சேர்க்காதது என்று டப்பாவில் போட்டிருப்பதை மொழிபெயர்ப்புச் செயலியால் பார்த்து ஒன்று வாங்குங்கள், குளிர்பெட்டியில் இருக்கும் பாலைக் காய்ச்சி அதை உறை ஊற்றினால் கெட்டித் தயிர் தயார். அப்புறம் வாங்கவே வேண்டியதில்லை.

வெளியே சாப்பிடுவது பற்றி. சைவம் என்றால் உண்மையிலேயே கஷ்டம், அதை மறைத்துப் பேச விரும்பவில்லை. கீரையைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள், டோஃபு மேல் கொத்துக்கறி தூவுவார்கள், சூப்பின் அடிப்படையே எலும்பாக இருக்கும். புத்தக் கோயில்களை ஒட்டிய சைவ உணவகங்கள்தான் நம்பிக்கையானவை, இந்த ஊரிலேயே பெய்ஜிங் சாலை என்ற தெருப் பக்கம் தாஃபோ கோயிலில் அப்படி ஒன்று இருக்கிறது. பன்றி மட்டும் வேண்டாம் என்பவர்களுக்கு வழி எளிது, லான்சோ நூடுல்ஸ் கடைகளை நடத்துவது பெரும்பாலும் முஸ்லிம்கள், மாவை உங்கள் கண்ணெதிரே இழுத்து இழுத்து நூலாக்குவார்கள். எல்லாம் சாப்பிடுபவர் என்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர். உட்கார்ந்ததும் வரும் சூடான தேநீரைக் குடித்துவிடாதீர்கள், முதல் ஊற்றில் கிண்ணத்தையும் குச்சியையும் கழுவிக்கொள்வது இந்த ஊர் வழக்கம். தேநீருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று பில்லில் தனியாக வரும், அதுவும் வழக்கம்தான்.

வேலை முடிந்து வர இரவாகிவிட்டால் சந்தை மூடியிருக்கும். அதற்கு சியென் தாமா என்ற கடை குடியிருப்புகளுக்குள்ளேயே இருக்கிறது. அன்றைய இறைச்சியையும் காயையும் மறுநாளுக்கு வைப்பதில்லை என்பதுதான் அவர்கள் பெயர் வாங்கிய விதம். 7 மணிக்கு 10 சதவீதம் தள்ளுபடி, பிறகு அரை மணிக்கு ஒருமுறை இன்னும் பத்துப் பத்தாகக் கூடும், 11.30-க்கு மிச்சம் இருந்தால் இலவசம். நான் போவது 8.30-க்கு, அப்போது 40 சதவீதம் குறைந்திருக்கும், கீரையும் நன்றாகவே இருக்கும். அதற்கு மேல் காத்திருந்தால் விலை இறங்கும், கூடையில் டோஃபுவும் முள்ளங்கியும்தான் இருக்கும்.