சாலையின் நிலை: நன்று

விபத்து வழக்குகளின் முதல் தகவல் அறிக்கைகளை நூற்றுக்கணக்கில் படித்திருக்கிறேன். ஊர் மாறும், தேதி மாறும், வண்டி எண் மாறும். ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’ என்ற ஒரு வரி மட்டும் மாறவே மாறாது. லாரி மோதினாலும் அதே வரிதான், மொபெட்காரர் தானாகப் பள்ளத்தில் விழுந்தாலும் அதே வரிதான். இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 304-ஏ பிரிவுகளுக்குப் பொருந்த வேண்டுமே, அதனால் காவல் நிலைய ரைட்டரின் கை தானாக அங்கே போய்விடும். இப்போது அந்தச் சட்டமே பாரதிய நியாய சன்ஹிதாவாக மாறிவிட்டது. வரி மாறியதாகத் தெரியவில்லை.

நெடுஞ்சாலைத் துறையில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து, உதவிக் கோட்டப் பொறியாளராக ஓய்வு பெற்றவன் நான். இந்த வரி என்னை ஒருமுறை காப்பாற்றியிருக்கிறது. இதுவரை வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம் எதிரே பேருந்து மோதி ஒரு பையன் இறந்துவிட்டான். ஊரே சாலையில் உட்கார்ந்துவிட்டது. வேகத்தடை போட்டால்தான் எழுவோம் என்றார்கள். மறியலில் எப்போதும் இதுதான் கோரிக்கை. யாரும் நடைபாதை கேட்டு மறியல் செய்து நான் பார்த்ததில்லை. தாசில்தாரும் டிஎஸ்பியும் பேசி, “இன்னிக்கு ராத்திரியே போட்டுடுவாங்க” என்று வாக்குக் கொடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி, வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். வண்டி மெதுவாக ஏறி மெதுவாக இறங்க அவ்வளவு அகலம் தேவை. கொஞ்சம் முன்பாகவே எச்சரிக்கைப் பலகை, மேலே வெள்ளைக் கோடுகள், இரவில் வெளிச்சம் பட்டால் மின்னும் வில்லைகள் எல்லாம் வேண்டும். அன்று என்னிடம் இருந்தது ஒட்டுப்பணிக்கு வைத்திருந்த அரை லோடு தார்க் கலவையும் நான்கு சாலைப் பணியாளர்களும். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் போட்டோம். அகலம் இரண்டடி இருக்கும், உயரம் முக்கால் அடிக்குக் கொஞ்சம் கம்மி. சுருக்கமாகச் சொன்னால், சாலைக்குக் குறுக்கே ஒரு பனங்கட்டையைப் போட்ட மாதிரி இருந்தது. ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பெயிண்ட் அடிக்க ஆள் காலையில் வருவதாக ஏற்பாடு.

விடிவதற்கு முன்னால் ஒரு தம்பதி பைக்கில் பூ மார்க்கெட்டுக்குப் போனார்கள். அந்த அம்மா ஒரு பக்கமாகக் காலைத் தொங்கப்போட்டு, மடியில் கூடையோடு உட்கார்ந்திருந்தார். முந்தைய நாள் இல்லாத ஒரு மேடு இருட்டில் வந்து நிற்கும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? பின்மண்டை அடிபட விழுந்தார். மூன்றாம் நாள் அரசு மருத்துவமனையில் இறந்துபோனார்.

வழக்கில் குற்றவாளி, அவருடைய கணவர். அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்தாராம். சில வாரம் கழித்துக் காவல் நிலையத்திலிருந்து, சம்பவ இடத்தில் சாலையின் நிலை குறித்துத் தெரிவிக்கவும் என்று எங்கள் அலுவலகத்துக்குக் கடிதம் வந்தது. அதற்குள் வெள்ளைக் கோடும் அடித்தாயிற்று, பலகையும் நட்டாயிற்று. ‘சாலையின் நிலை: நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றைய தேதிக்கு அது உண்மைதான். விபத்து நடந்த தேதியில் எப்படி இருந்தது என்றுதான் அவர்கள் கேட்கவில்லை.

அதற்கப்புறம் எங்கே வேகத்தடை போட்டாலும் பலகை இல்லாமல் கலவை இறக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, ‘சட்டம் பேசுற ஆளு’ என்று பெயர் வாங்கினேன். இன்னொரு வேடிக்கையும் உண்டு. பெரிய தலைவர்கள் வருகிறார்கள் என்றால், முந்தின நாள் அந்த வழியில் இருக்கும் வேகத்தடைகளை எல்லாம் சுரண்டி எடுப்போம், போன பிறகு மறுபடி போடுவோம். அவர்கள் இடுப்பு நோகக் கூடாது என்று பார்க்க முடிகிற நமக்கு, மற்ற நாளில் சாலை எப்படி இருக்க வேண்டும் என்று தெரியாமல் இல்லை.

கடைசிப் பத்து ஆண்டுகள், ஆட்சியர் தலைமையில் நடக்கும் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுக் கூட்டங்களுக்குத் துறை சார்பில் போய் வந்தேன். அந்தக் கூட்டங்களுக்கு உயிர் வந்ததற்குக் கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஒருவர் காரணம். கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். 2014-இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் நீதிமன்றம் ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழு மாநிலங்களிடம் கணக்குக் கேட்க ஆரம்பித்ததும், அந்தச் சூடு எங்கள் மேசை வரை வந்தது. எத்தனை உரிமம் தற்காலிகமாக ரத்து, எத்தனை இடத்தில் சாலை திருத்தம் என்று மாதாமாதம் படிவம் நிரப்பினோம். படிவம் நிரப்புவதைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் கேட்பதற்கு மேலே ஒருவர் இருக்கிறார் என்ற பயம் இல்லாவிட்டால், எங்கள் துறையும் காவல்துறையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் ஒரே மேசைக்கு வந்திருக்காது என்பதை நான் கண்ணால் பார்த்தவன்.

பலனும் தெரிந்தது. தமிழ்நாட்டில் 2016-இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 17,218 பேர். 2019-இல் அரசுக் கணக்கு 10,525 என்று இறங்கியது. வெளிமாநில அதிகாரிகள் எங்களிடம் என்ன செய்தீர்கள் என்று கேட்ட காலம் அது. 108 ஆம்புலன்ஸ், உரிம ரத்து, சாலைத் திருத்தம் என்று எல்லாரும் அவரவர் பங்கைச் சொன்னோம். 2022-இல் எண்ணிக்கை 17,884. இப்போது யாரும் பங்கு கேட்பதில்லை.

பிளாக் ஸ்பாட் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் தூரத்துக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட 5 விபத்துகள் நடந்திருக்க வேண்டும், அல்லது 10 பேர் இறந்திருக்க வேண்டும். அப்போதுதான் அந்த இடத்துக்கு அந்தப் பெயர் கிடைக்கும். பெயர் கிடைத்தால்தான் நிதி. ஓர் ஊரில் நான்கு விபத்து நடந்திருந்தது. மதிப்பீடு திரும்பி வந்தபோது எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர், “இன்னும் ஒண்ணு குறையுது சார்” என்றார். அவர் கெட்டவர் இல்லை, விதியைத்தான் சொன்னார். எனக்கு அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

கூட்டாய்வு எப்போதும் காலை 11 மணிக்கு. எல்லாத் துறை ஜீப்பும் வந்து நிற்கும், பளிச்சென்று வெயில் அடிக்கும், சாலை அழகாக இருக்கும். விபத்துகள் அதிகம் நடப்பதோ மாலை 6 மணியிலிருந்து 9 மணிக்குள். இதை அமைச்சக அறிக்கைகள் வருடாவருடம் சொல்கின்றன. ஒரு நாள் நான் மட்டும் சாயங்காலம் போய், நான்குவழிச் சாலை ஓரத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். எதிரே சென்டர் மீடியனில் ஓர் உடைப்பு. சாலையைப் பராமரிக்கும் நிறுவனம் அடைப்பதும் ஊர்க்காரர்கள் கடப்பாரை வைத்துப் பெயர்ப்பதுமாக ஒரு வருடமாக நடந்துகொண்டிருந்தது. வீடுகள் இந்தப் பக்கம், வயல்கள் அந்தப் பக்கம். தழைக்கட்டு ஏற்றிய டிவிஎஸ் 50, பால் கேன்காரர், டியூஷன் விட்டு வரும் பிள்ளைகள் என்று எதிர்த்திசையில் வருகிறவர்களை எண்ண ஆரம்பித்தேன். நாற்பதைத் தாண்டியதும் நோட்டை மூடிவிட்டேன். உடைப்புக்கு நேர் மேலே இருந்த விளக்கு எரியவில்லை. மின் கட்டணத்தை ஊராட்சி கட்டுவதா, சாலையை வைத்திருப்பவர் கட்டுவதா என்ற வழக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“ஏண்ணே, யூ டர்ன் வரைக்கும் போய்த் திரும்பி வரக் கூடாதா?” என்று டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

“சார், யூ டர்ன் ஒண்ணரை கிலோமீட்டர். போய்த் திரும்ப மூணு. மாட்டுக்குத் தண்ணி காட்டக் காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. பெட்ரோல் யாரு போடுவா?”

சாகத் துணிந்து குறுக்கே போகிறார்கள் என்றுதான் கூட்டத்தில் எல்லாரும் பேசுவோம். அவரோ ஒரு நாளைக்கு ஆறு கிலோமீட்டர் கணக்குச் சொன்னார். அபராதம் போட்டுப் பார்த்தோம். தலைக்கவசத்துக்கு நூறு ரூபாயாக இருந்த அபராதம் 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் ஆயிரமானபோது, பெட்ரோல் டேங்க் மேல் பயணம் செய்துகொண்டிருந்த ஹெல்மெட்டுகள் பல தலைக்கு ஏறின, மறுக்கவில்லை. போலீஸ்காரர் நிற்கும் இடத்துக்கு இருநூறு மீட்டர் முன்னால் ஏறி, இருநூறு மீட்டர் தாண்டி இறங்கின என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு அபராதம் என்ன செய்யும்? அவர்கள் தினமும் கடந்தாக வேண்டும், கடக்க வழி இல்லை. நான்குவழிச் சாலை வரைபடம் போட்டபோது அந்த ஊர் தாளில் ஒரு புள்ளியாகக்கூட இல்லை.

அடுத்த கூட்டத்தில் சுரங்கப்பாதை கேட்டேன். “விதியை மீறுகிறவனுக்குப் பரிசா?” என்று ஓர் அதிகாரி கேட்டார். 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்துக்குள் 198-ஏ என்று ஒரு பிரிவு வந்திருந்தது. சாலையை வடிவமைப்பவரும் பராமரிப்பவரும் தரத்தைக் கடைப்பிடிக்காமல் அதனால் உயிர்ப்பலியோ ஊனமோ ஏற்பட்டால், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். நான் அதை வாசித்துக் காட்டினேன். அறை கொஞ்சம் அமைதியானது. தொகை பெரிதில்லை, ஒரு பெரிய ஒப்பந்தத்தில் அது டீச் செலவு. ஆனாலும் குற்றம் செய்யக்கூடியவர்கள் பட்டியலில் முதல்முறையாகச் சாலை போட்டவனும் இருந்தான். வாசிக்கும்போது எனக்குப் பூக்கூடைதான் ஞாபகத்துக்கு வந்தது.

நான் ஓய்வு பெற்ற பிறகுதான் சுரங்கப்பாதை திறந்தது. ஒரு டிராக்டர் நுழையும் உயரம். போய்ப் பார்த்தேன். ஆட்டு மந்தை ஒன்று உள்ளே போய் மறுபக்கம் வந்தது. மீடியனை அடைத்திருந்தார்கள், யாரும் பெயர்க்கவில்லை. டீக்கடைக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார்.

போன ஐப்பசியில் அவரே போன் செய்தார். “சார், கீழ முழங்கால் அளவு தண்ணி நிக்குது. நாலு நாளாச்சு. பசங்க மறுபடியும் மேலதான் ஏறிப் போறாங்க.”

மதிப்பீட்டில் வடிகாலுக்கு ஒதுக்கியது போதாது. அந்தக் கணக்கைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். இப்போது அங்கே இருக்கும் பொறியாளர் தம்பிக்குப் போன் போட்டேன். மோட்டார் வைத்து இறைக்கச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். அதுவரை இரண்டு பக்கமும் பலகையும் விளக்கும் வைத்தாயிற்றா என்று கேட்டேன். “காலையில வச்சுடுறோம் சார்” என்றார்.

இப்போதே வையுங்கள் என்றேன். மணி ஆறு ஆகியிருந்தது.