மயில் கழுத்தும் என் மானிட்டரும்

"இன்னாம்மா இது? நான் நெய்ஞ்சது மயில் கழுத்து. இதுல வெறும் பச்சையா கீதே?"

போன வருடம் ஆரணியிலிருந்து மாமா போனில் கேட்டது. மாவட்டம் பிரிந்து எத்தனையோ வருடமாகியும் அவருக்கு ஆரணியும் வேலூரும் ஒரே வட ஆற்காடுதான். அவரும் பக்கத்து வீட்டு நெசவாளர்களும் நெய்யும் பட்டுப் புடவைகளை நான்தான் படம் எடுக்கிறேன். வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டு மாடியில் உட்கார்ந்து எடிட் செய்து, வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். நிறம் வேறாக இருக்கிறதென்று ஒரு புடவை திரும்பி வந்தால், தறியில் பல நாள் உட்கார்ந்தவருக்குத்தான் அந்த நஷ்டம். அதனால் அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

அடுத்த வாரம் அதே புடவையை வாங்கி வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் லேப்டாப் பக்கத்தில் விரித்தேன். அப்போதுதான் புரிந்தது. என் திரை கொஞ்சம் நீலம் பாய்ந்தது. படம் எப்போதும் நீலமாகத் தெரிய, அதைச் சரிசெய்வதாக நினைத்து ஒவ்வொரு படத்திலும் மஞ்சளை ஏற்றியிருக்கிறேன். நீலத்தில் மஞ்சள் ஏறினால் பச்சைதானே வரும்! என் திரையில் சரியாக இருந்த புடவை, மாமாவின் போனில் பச்சையாகிவிட்டது.

லேப்டாப்பின் விவரக் குறிப்பைத் தேடினேன். 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று போட்டிருந்தது. திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கு ஒரு பழைய டிவி அளவுகோல் அது. விலை குறைந்த லேப்டாப்களில் இது சகஜம். 1996-இல் எச்பியும் மைக்ரோசாப்டும் சேர்ந்து வகுத்த எஸ்ஆர்ஜிபி என்ற, போன்களும் இணையமும் பொதுவாகப் பின்பற்றும் நிற எல்லையில் மூன்றில் இரண்டு பங்குகூட அதில் வராது. திரையே காட்டாத அரக்கை நான் எப்படித் திருத்த முடியும்?

மானிட்டர் தேடியபோது முதலில் முடிவு செய்தது, பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் பேனல். தலையை நகர்த்தினால் நிறம் மாறுகிற திரையில் புடவை வேலை ஆகாது. 27 அங்குலம், 2560 × 1440 பிக்சல். அந்த அளவுக்கு 1080 போதாது, ஜரிகை இழை பிசிறடிக்கும். கேமிங்குக்கான வேகமெல்லாம் எனக்கு வேண்டாம்.

ரொம்ப நாள் யோசித்தது, எஸ்ஆர்ஜிபியைவிடப் பெரிய நிற எல்லையான அடோபி ஆர்ஜிபி விஷயத்தில். மயில் கழுத்து மாதிரி நீலமும் பச்சையும் கலந்த அழுத்தமான நிறங்கள்தான் எஸ்ஆர்ஜிபிக்கு வெளியே போகும். அடோபி ஆர்ஜிபி அந்தப் பக்கம்தான் அகலம். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் விலை எட்டவில்லை. தவிர, புடவை வாங்குகிறவர்கள் பார்ப்பது போனில், நான் அனுப்புவதும் எஸ்ஆர்ஜிபி படம். அவர்கள் பார்க்காத நிறத்தை நான் மட்டும் பார்த்து என்ன செய்வது? எஸ்ஆர்ஜிபியை முழுதாகக் காட்டும் மானிட்டரை வாங்கி, மிச்சப் பணத்தை, திரையின் நிறத்தை அளந்து சரிசெய்ய உதவும் காலிபிரேட்டருக்கு ஒதுக்கினேன். இன்றைக்கும் யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்: மானிட்டரில் ஒரு படி இறங்கினாலும் பரவாயில்லை, அளக்கும் கருவி இல்லாமல் இருக்காதீர்கள். நம் கண் எந்தத் திரைக்கும் பத்து நிமிடத்தில் பழகிவிடும். கருவி பழகாது.

நான் வாங்கியது ஸ்பைடர். கேலிப்ரைட் கம்பெனியின் கருவியும் இதே வேலையைச் செய்யும். கூட வரும் மென்பொருள் பிடிக்காதவர்களுக்கு டிஸ்ப்ளேகால் என்ற மென்பொருள் இலவசம். மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டு, கண் பாதுகாப்பு மோடு, தானாக மாறும் கான்ட்ராஸ்ட் இரண்டையும் அணைத்துவிட்டு, கருவியைத் திரைமேல் தொங்கவிட வேண்டும். இலக்கு, வெள்ளையின் சாயலுக்கு 6500 கெல்வின், இருட்டிலிருந்து வெளிச்சம் ஏறும் விதத்துக்கு காமா 2.2. மென்பொருள் ஒவ்வொரு நிறமாகக் காட்ட, கருவி அதை அளக்கும். கடைசியில், திரை நிறங்களை எப்படிக் காட்டுகிறது என்று கணினிக்குச் சொல்லும் ஐசிசி புரொஃபைல் என்ற கோப்பை மென்பொருள் எழுதித் தரும். முதல் தடவை முடிந்ததும் திரை மஞ்சளடித்த மாதிரி தெரிந்தது. தப்பாகிவிட்டதோ என்று பயந்தேன். இரண்டு நாள் கழித்துப் பழைய லேப்டாப்பைத் திறந்தபோது, அது ஊதா பூத்த மாதிரி இருந்தது.

வெளிச்சத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பகலில் எங்கள் மாடி அறையில் வெயில் கொட்டும், அதனால் திரையை முழு பிரகாசத்தில் வைத்தே பழகிவிட்டேன். திரை பளிச்சென்று இருக்கிறது என்று படத்தை இருட்டாக்கியிருக்கிறேன். என் தங்கை கல்யாண ஆல்பம் கருத்துப்போய் வந்தபோது பிரிண்ட் போட்டவரோடு சண்டை போட்டேன். தப்பு என்னுடையது. இப்போது கருவி வைத்து, திரையின் பிரகாசத்தைச் சதுர மீட்டருக்கு 100 கேண்டெலாவில் நிறுத்தியிருக்கிறேன். ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை, கிளிப்பச்சைச் சுவருக்குச் சாம்பல் பெயின்ட். மேசைக்கு மேலே சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு, அதிகபட்சம் 100) 95-க்கு மேல் உள்ள 6500 கெல்வின் எல்இடி. புடவையையும் திரையையும் அதன் கீழே வைத்துத்தான் ஒப்பிடுகிறேன்.

அப்புறம், படம் எடுக்கும்போதே வெள்ளைச் சமநிலை (வெள்ளையை வெள்ளையாகவே காட்டும் கேமரா அமைப்பு) தப்பினால் எந்த மானிட்டரும் காப்பாற்றாது. ஒவ்வொரு புடவையோடும் சாம்பல் அட்டை வைத்து முதல் படம் எடுத்துவிடுகிறேன்.

போன மாதம் மாமா நேரிலேயே வந்தார். புடவைகளை விளக்கின் கீழே ஒவ்வொன்றாக விரித்து, திரையையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அரக்கு சரி. மஞ்சளும் சரி. இந்த மயில் கழுத்து மட்டும் இன்னும் கொஞ்சம் அடங்கினாப்ல கீதும்மா."

எஸ்ஆர்ஜிபி எல்லையைத் தாண்டும் இடங்களைக் காட்டும் எச்சரிக்கையை மென்பொருளில் போட்டேன். மடிப்பின் வளைவுகளில், பாவின் நீலமும் ஊடையின் பச்சையும் சேர்ந்து மின்னும் அதே இடங்களில் குறி விழுந்தது. கருவி இல்லாமல் அவர் கண் கண்டுபிடித்துவிட்டது. அந்த நிறத்துக்கு மட்டும் படத்தோடு ஒரு சின்ன வீடியோவும், கேட்பவர்களுக்குத் தபாலில் கொஞ்சம் நூலும் அனுப்புவதாக முடிவு செய்தோம். கிளம்பும்போது பையிலிருந்து நீல நூலும் பச்சை நூலும் எடுத்து மானிட்டர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.