பில்லில் டச் காணாமல் போன நாள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசு வியாபாரிக்குப் பத்து வருடத்துக்கு மேலாக பில் போடும் சாஃப்ட்வேர் பார்த்துக் கொடுக்கிறேன். எல்லாம் பிரவுசரில் ஓடுவது, அடியில் ஜேக்வெரி 1.7. பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் வேலைகளைச் சுருக்கமாக எழுத உதவும் ஆயத்தக் கோட் தொகுப்பு அது. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததால் நானும் கை வைக்கவில்லை. இந்த வருடம் வெளியூர்க் கடைக்காரர்கள் நேரடியாக ஆர்டர் போட ஒரு பக்கம் கேட்டார்கள். யாரோ எங்கிருந்தோ தட்டுகிற எழுத்து நம் திரையில் வந்து விழப் போகிறது, பழைய ஜேக்வெரியில் அந்த வழியாக வேண்டாத ஸ்கிரிப்ட் நுழைய ஓட்டை உண்டு. சரி என்று ஒரே பாய்ச்சலில் 3.7-க்கு ஏற்றினேன்.

முதல் அடி உடனே விழுந்தது. புதிய வரிசை சேர்க்கும் பொத்தான் வேலை செய்யவில்லை, பிரவுசர் தன் எரர்களைக் காட்டும் கன்சோலில் சிவப்பு எழுத்து: பொத்தான் அழுத்தலைக் கவனிக்க நான் எழுதியிருந்த லைவ் என்று ஒரு ஃபங்ஷனே இல்லையாம். 2011-இல் 1.7 வந்தபோதே ஆன் என்ற புதிய வழியைக் கொடுத்து, லைவை இனி எழுதாதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். 2013 ஜனவரியில் வந்த 1.9-இல்தான் எடுத்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் அவகாசம் கொடுத்து, மாற்று வழியையும் காட்டிவிட்டு எடுப்பது நியாயமான முறை. அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் ஆனுக்கு மாற்றிவிட்டேன்.

அடுத்ததுதான் என்னை உலுக்கியது. மறுநாள் காலை பத்தரைக்கு, கல்லாவில் உட்காரும் அக்கா போன் செய்தார். "தம்பி, எடை வருது, டச்சும் கூலியும் காணோம்பா. கடையில ஆள் நிக்குது." டச் என்பது வெள்ளியின் சுத்தத்தைச் சொல்லும் எண். ஓடிப்போய்ப் பார்த்தால் கன்சோல் சுத்தமாக இருக்கிறது, ஒரு எரர்கூட இல்லை.

விஷயம் இதுதான். எடை, டச், கூலி மூன்றுக்கும் மூன்று டிவ்களை, அதாவது பக்கத்தில் எண் வந்து விழும் பெட்டிகளை, அடுத்தடுத்து, மூடும் டேக் எழுதாமல், சாய்கோடு போட்டு அதிலேயே முடித்து எழுதியிருந்தேன். பழைய ஜேக்வெரி அதைப் பிரவுசரிடம் கொடுக்கும் முன் தானே மூடும் டேக் சேர்த்துத் திருத்திவிடும். 2020 ஏப்ரலில் வந்த 3.5-இலிருந்து அந்தத் திருத்தம் கிடையாது. பிரவுசருக்கு டிவ்வில் அந்தச் சாய்கோடு ஒரு பொருட்டே இல்லை, அதனால் எடைக்குள் டச், டச்சுக்குள் கூலி என்று ஒன்றுக்குள் ஒன்று போய்விட்டது. எடை டிவ்வில் எண்ணை எழுதியதும் உள்ளே இருந்த இரண்டும் அழிந்தன. அப்புறம் டச்சைத் தேடினால் கிடைக்காது. ஆனால் ஜேக்வெரி, தேடியது கிடைக்காவிட்டாலும் எரர் தராது, பேசாமல் அடுத்த வரிக்குப் போய்விடும்.

அந்தத் திருத்தத்தைக் காரணமில்லாமல் எடுக்கவில்லை. வேண்டாத ஸ்கிரிப்டை நீக்கிச் சுத்தம் செய்து அனுப்பிய எச்டிஎம்எல்லைக்கூட (டேக்குகளால் எழுதிய பக்கத்தை) அது மாற்றி எழுதி, ஸ்கிரிப்ட் ஓட வழி செய்துவிடும். அந்த ஓட்டையை அடைக்கத்தான் எடுத்தார்கள். 3.4 போய் 3.5 வருவது போல, புள்ளிக்குப் பின்னால் வரும் எண் மட்டும் ஏறினால் பழைய கோட் உடையாது என்பது பொது வழக்கம், அதை நம்பித்தான் நாம் ஏற்றுகிறோம். இருந்தும் பாதுகாப்புக்காக அந்த வழக்கத்தை மீறியது சரி என்றே நினைக்கிறேன். வெளியீட்டுக் குறிப்பில் அதைத் தெளிவாக எழுதியும் வைத்திருக்கிறார்கள். நான் படிக்காமல் ஏற்றினேன், ஒரு காலை நேர வியாபாரம் கையால் எழுதிய பில்லில் போனது.

அன்று மாலையே பழைய 1.7-ஐத் திரும்பப் போட்டு, முறையாக ஆரம்பித்தேன். முதலில் 1.12, கூடவே ஜேக்வெரி மைக்ரேட் என்ற துணை ஃபைலின் 1.4. எடுத்துவிட்ட பழைய வசதிகளை அது திரும்பக் கொடுக்கும், அவை எங்கே பயன்படுகின்றன என்று கன்சோலில் எச்சரிக்கையும் போடும். எல்லாவற்றையும் தீர்த்த பிறகு 3.7-உம் மைக்ரேட்டின் 3-ஆம் வரிசையும். சுருக்கப்படாத மைக்ரேட் ஃபைலைத்தான் போட வேண்டும், சுருக்கிய ஃபைல் வாய் திறக்காது. இந்தத் தடவை, டேக் சரியாக மூடவில்லை என்ற எச்சரிக்கையைத் தனியாக இயக்கிவிட்டதும், அது அந்த மூன்று டிவ்களையும் நேராகக் காட்டியது.

நான்கு நாள் ஆனது. கடைசியில் மைக்ரேட்டை எடுத்துவிட்டு, அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழைய பில் இருபதை மறுபடி போட்டு, பைசா வரை ஒத்துப் பார்த்தோம்.

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டுக்குச் செய்து கொடுத்தது இன்னும் 1.8-இல் இருக்கிறது. அங்கே நெட் சரியாக எடுக்காது, அதனால் சனிக்கிழமை மலை ஏறும் முன் இரண்டு மைக்ரேட்டையும் லேப்டாப்பில் இறக்கி வைத்துக்கொண்டுதான் போகிறேன்.