டின் முதலில், ஓப்பனர் அப்புறம்

நேற்று ராத்திரி பாயாசத்துக்குக் கண்டென்ஸ்டு மில்க் டின்னைத் திறக்க உட்கார்ந்தேன். ஓப்பனரைக் காணோம். பழைய கத்தியை மூடியில் வைத்துக் குழவியால் ஒரு போடு போட்டதில், பால் சட்டையெல்லாம் தெறித்ததுதான் மிச்சம்.

சரி, இந்தக் கூத்து எனக்கு மட்டுமில்லை. உணவைத் தகர டப்பாவில் அடைக்க இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் காப்புரிமை வாங்கியது 1810இல். அமெரிக்காவில் எஸ்ரா வார்னர் டின் ஓப்பனருக்குக் காப்புரிமை வாங்கியது 1858இல். நடுவில் 48 வருஷம்!

அதுவரை உளியும் சுத்தியலும்தான். சிப்பாய்கள் துப்பாக்கி முனைக் கத்தியால் குத்தித் திறந்தார்கள். பாவம், அன்றைய டப்பா அவ்வளவு தடித்த இரும்பு. தகடு மெலிந்த பிறகுதான் கையால் திறக்கலாம் என்கிற யோசனையே செல்லுபடியானது. வார்னரின் கருவியும் பாதி ஈட்டி, பாதி அரிவாள் மாதிரிதான் இருக்கும். சக்கரம் உருட்டித் திறக்கும் வகை 1870இல் வந்தது.

இதைவிட எனக்குப் பிடித்தது வேறு. உணவை அடைத்துச் சூடாக்கினால் கெடாது என்று செய்துகாட்டி, நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சு மிட்டாய்க்காரர் 1810இல் 12,000 பிராங்க் பரிசே வாங்கிவிட்டார். ஏன் கெடுவதில்லை என்பது அவருக்கே தெரியாது! கிருமிதான் காரணம் என்று லூயி பாஸ்டர் நிரூபித்தது 1860களில்.

ஓப்பனர் காலையில் கிடைத்தது. இட்லிப் பானைக்குள்.