பாலக்காட்டுக் கணவாயில் ஜன்னல் மாற்றுவோருக்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலிருந்து பழைய ஜன்னலை மாற்ற விலை கேட்டுக் கோயம்புத்தூர் போகிறவர்கள், இரட்டைக் கண்ணாடி போட்டால் மின்கட்டணம் குறையும் என்ற பேச்சோடுதான் பெரும்பாலும் திரும்புகிறார்கள். பேச்சில் பொய் ஏதும் இல்லை. ஆயினும் கணவாய்க்குள் வீடு கட்டிக்கொண்டு வாழும் நாம் கண்ணாடி எத்தனை அடுக்கு என்று கேட்பதற்கு முன்னால், அந்த ஜன்னலின் மேல் எந்த நேரத்து வெயில் விழுகிறது, அதை வெளியிலேயே தடுத்துவிட வழி உண்டா என்று கேட்க வேண்டும். எங்கள் வீட்டு ஜன்னல்களை மாற்றுவதற்காகப் பல இடங்களில் விசாரித்து நான் வந்து சேர்ந்த முடிவு இது; காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த இடைவெளியில் நாம் இருக்கிறோம். மார்கழியிலும் தையிலும் கிழக்கிலிருந்து வறண்ட காற்று புழுதியை வாரிக்கொண்டு வருகிறது. மாசி பிறந்தால் வெயில் ஏறத் தொடங்கி, சித்திரையில் 40 டிகிரியைத் தொடுவதும் உண்டு. 2024 ஏப்ரல் இறுதியில் பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கையே விடப்பட்டது. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மேற்குக் காற்று மழையைப் பக்கவாட்டில் அடித்துச் சுவரை நனைக்கிறது. கொச்சிக்காரருக்கு ஏற்ற ஜன்னலோ சென்னைக்காரருக்கு ஏற்ற ஜன்னலோ நமக்கு அப்படியே பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம்: பகல் அனலையும் புழுதியையும் வெளியே நிறுத்தவும், இரவுக் குளிர்ச்சியைத் தாராளமாக உள்ளே விடவும், ஆனி ஆடியில் சாரலுக்கு ஈடுகொடுக்கவும் ஒரே ஜன்னல் பழகியிருக்க வேண்டும்.

கண்ணாடி வழியாக வெப்பம் இரண்டு விதமாக வருகிறது. வெளியே 38 டிகிரி, ஏ.சி. ஓடும் அறைக்குள் 26 டிகிரி என்றால், அந்த 12 டிகிரி வேறுபாடு கண்ணாடியைச் சுட்டு உள்ளே கடத்துவது ஒன்று. இதை அளப்பது யூ மதிப்பு: ஒரு டிகிரி வேறுபாட்டுக்குச் சதுர மீட்டர் கண்ணாடி வழியாக எத்தனை வாட் கடக்கிறது என்ற எண். வெயில் நேராகக் கண்ணாடியை ஊடுருவி வருவது மற்றொன்று. விழும் வெயிலில் எத்தனை பங்கு உள்ளே வெப்பமாகச் சேர்கிறது என்பதை எஸ்.எச்.ஜி.சி. என்ற எண்ணால் குறிக்கிறார்கள். சாதாரண ஒற்றைக் கண்ணாடிக்கு யூ மதிப்பு சுமார் 5.8, எஸ்.எச்.ஜி.சி. சுமார் 0.8. மாலை நான்கு மணிக்கு மேற்குச் சுவரில் சதுர மீட்டருக்கு 500 வாட் வெயில் விழுவதாக வைத்துக்கொண்டு பெருக்கிப் பார்த்தால், கடத்தலால் வருவது சுமார் 70 வாட், வெயிலாக வருவது 400 வாட். பகைவன் யார் என்பது இந்த ஒரு கணக்கிலேயே தெரிந்துவிடும்.

பூச்சு ஏதும் இல்லாத இரட்டைக் கண்ணாடி கடத்தலைப் பாதிக்குக் குறைக்கிறது. வெயிலை அவ்வளவாகத் தடுப்பதில்லை. மொத்தம் 470 வாட்டிலிருந்து 385 அளவுக்குத்தான் இறங்கும். வெயிலைத் திருப்பும் பூச்சுள்ள, எஸ்.எச்.ஜி.சி. 0.4 என்ற அளவிலுள்ள ஒற்றைக் கண்ணாடியே 270 வாட்டுக்கு இறக்கிவிடுகிறது. வெயில் தடுக்கும் லோ-ஈ பூச்சுடன் (வெப்பக் கதிர்வீச்சைக் குறைக்கும் மெல்லிய பூச்சு) கூடிய நல்ல இரட்டைக் கண்ணாடி 160 வாட் பக்கம் கொண்டுவரும். இனி, பழைய சாதாரணக் கண்ணாடிக்கு வெளியே ஒரு மூங்கில் தட்டியைத் தொங்கவிட்டு, அது முக்கால் பங்கு வெயிலை மறைப்பதாகக் கொண்டால், வந்து சேர்வது 170 வாட். விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள இரண்டு பொருள்கள் ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்கின்றன என்பதை எந்தக் கடையிலும் எனக்குச் சொல்லவில்லை. தட்டி கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். உள்ளே தொங்கும் திரைச்சீலை சுடுவதற்குள் வெப்பம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. ஏ.சி. இல்லாமல் மின்விசிறியோடு இருக்கும் அறையென்றால், உள்ளுக்கும் வெளிக்கும் வெப்ப வேறுபாடு சொற்பமே என்பதால், இரட்டைக் கண்ணாடிக்குச் செலவிடும் பணத்துக்குப் பலன் இன்னும் குறைவு.

சன்ஷேடு இருக்கிறதே என்பார்கள். நாம் ஏறக்குறைய 10.8 பாகை வடக்கில் இருப்பதால், ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் நான்காம் வாரம் வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே சாய்கிறது. இரண்டு பக்கமும் அது உயரத்திலேயே இருப்பதால், வடக்கு ஜன்னலுக்கு ஒன்றரை அடி சன்ஷேடு தாராளம். தெற்கு ஜன்னலுக்கு மார்கழி வெயிலில் பாதியாவது மறையும், அந்த மாதத்தில் அதுவும் தொந்தரவாக இராது. மேற்கில் கதை வேறு. சித்திரை மாதம் நான்கு மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 36 பாகை உயரத்தில் நிற்கும்போது, ஒன்றரை அடி சன்ஷேடின் நிழல் ஓரடிக்குச் சற்றே கூடுதலாகத்தான் இறங்குகிறது. ஐந்து மணிக்கு அரை அடி. நாலடி ஜன்னலில் மீதியெல்லாம் வெயில். எனவே மேற்குக்குத் தட்டியோ, மடக்கு மரச்சட்டமோ, மரமோ, நல்ல கண்ணாடியோ, இவற்றில் ஒன்று கட்டாயம். கிழக்கு ஜன்னலுக்கும் காலையில் இதே கணக்குத்தான். ஆனால் இரவெல்லாம் ஆறியிருக்கும் சுவர் காலை வெயிலைத் தாங்கிக்கொள்ளும், பகலெல்லாம் காய்ந்த வீட்டுக்கு மாலை வெயில் தாங்காது.

இரட்டைக் கண்ணாடிதான் என்று தீர்மானித்துவிட்டவர்கள் ஒன்றைக் கண்ணால் பார்த்து வாங்க வேண்டும். லோ-ஈ பூச்சு நம்மைப் போன்ற வெயில் நாட்டில் வெளிக் கண்ணாடியின் உட்புறத்தில் இருக்க வேண்டும். குளிர் நாட்டில் அது உட்கண்ணாடியின் வெளிப்புறத்தில் இருக்கும். மாற்றிப் பொருத்திவிட்டால் வெயில் வெப்பம் கூடுதலாக உள்ளே வரும். கடையிலேயே சோதிக்கலாம்: கண்ணாடியின் வெளிமுகத்துக்கு எதிரே ஒரு லைட்டரைக் கொளுத்திச் சாய்வாகப் பார்த்தால் சுடரின் பிம்பம் நான்கு தெரியும்; அவற்றில் ஒன்று மட்டும் நிறம் மாறி, செம்மையாகவோ நீலமாகவோ இருக்கும். நம் பக்கத்திலிருந்து எண்ணும்போது அது இரண்டாவதாக இருந்தால் சரி. மூன்றாவதாக இருந்தால் கண்ணாடியைத் திருப்பிப் பொருத்தச் சொல்லுங்கள். யூ மதிப்பு, எஸ்.எச்.ஜி.சி., வெளிச்சம் எத்தனை சதவீதம் உள்ளே வரும் என்ற மூன்று எண்களையும் விலைச்சீட்டிலேயே எழுதி வாங்குவது நல்லது. வெளிச்ச எண்ணை மறந்தால், கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் பகலிலும் விளக்குப் போட்டு உட்கார நேரும்.

கண்ணாடியைவிட நான் அதிகம் கவலைப்பட்டது திறப்பைப் பற்றி. கேரளம் அடங்கிய வெப்ப ஈர மண்டலத்துக்கு, 2018-இல் வந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற வீட்டுக் கட்டடங்களுக்கான மின்சிக்கன விதித்தொகுப்பு, தரைப்பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம் திறக்கக்கூடியதாக இருக்கச் சொல்கிறது. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. கடைக்காரர்கள் விரும்பி விற்கும் இருதட நகர்த்து ஜன்னல் எப்போதும் பாதிதான் திறக்கும். ஆகவே அந்த 20 சதுர அடிக்கு 40 சதுர அடி ஜன்னல் வைக்க வேண்டியிருக்கும், அதாவது வெயில் விழும் கண்ணாடியும் இரட்டிப்பாகும். கீல் வைத்து வெளியே திறக்கும் பழைய பாணிக் கதவு முழுவதுமாகத் திறக்கும், மூடும்போது ரப்பர்ப் பட்டையில் அழுந்தி மழையையும் புழுதியையும் நன்றாகத் தடுக்கும். கொசுவலையை உள்பக்கமாகப் போட வேண்டிவருவது ஒரு சங்கடந்தான். வலை காற்றையும் ஓரளவு குறைக்கும். இருந்தும் என் ஓட்டு கீல் ஜன்னலுக்கே.

ஜன்னல் சட்டத்தைப் பொறுத்தவரை, வெறும் அலுமினியம் வெப்பத்தை வேகமாகக் கடத்தும், யூ.பி.வி.சி. என்ற கெட்டிப் பிளாஸ்டிக் அவ்வளவாகக் கடத்தாது, ஈரத்துக்கு உப்பாது, ஆனால் உள்ளே துத்தநாகம் பூசிய இரும்புத் தாங்கி இருக்கிறதா என்று கேட்க வேண்டும், இல்லாவிட்டால் ஆடிக் காற்றில் பெரிய கதவு வளையும். மரம் இதற்கெல்லாம் மூத்தது. எங்கள் வீட்டில் இருப்பது அயினி மரச் சட்டம். விலை சொல்ல வந்தவர் எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டுப் புதிதாக வைக்கலாம் என்றார். அதற்குப் பிறகு வந்த ஆசாரி திருப்புளியின் முனையால் ஒவ்வொரு சட்டமாகக் குத்திப் பார்த்தார். நிலைக்கட்டைகளில் முனை இறங்கவேயில்லை. மேற்கு ஜன்னலின் கீழ்க்கட்டையில் மட்டும் அரை விரல் உள்ளே போய், இழுத்தபோது பொடி உதிர்ந்தது. "கீழ்க்கட்டை மட்டுந்தானுங்க போயிருக்குது, மத்ததைப் பேக்கறது பாவமுங்க" என்றார். சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு பத்து ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்குப் பிளவு இருந்ததையும் காட்டினார். மழை நீர் அந்த வழியாகத்தான் கட்டைக்குள் இறங்கியிருக்கிறது, ஏ.சி. காற்றும் அதே வழியாகத்தான் வெளியேறியிருக்கிறது.

ஆகவே எங்கள் வீட்டில் மேற்கு அறை ஜன்னலை மட்டும் முழுதாக மாற்றி, வெயில் தடுக்கும் ஒற்றைக் கண்ணாடியும் கீல் கதவும் வைத்து, வெளியே மூங்கில் தட்டியும் கட்டுகிறோம். மற்ற ஜன்னல்களில் பழைய சட்டம் இருக்கும். பிளவுகளை அடைத்து, கதவின் ஓரத்தில் ரப்பர்ப் பட்டை ஒட்டினால் போதும். ஈரச் சுவரில் பிளவை அடைக்கும் சிலிகான் பசை பிடிக்காது என்பதால் பூச்சு வேலையெல்லாம் பங்குனிக்குள் முடிய வேண்டும். வடக்குப் பார்த்த சமையலறை ஜன்னலைத் தொடப்போவதில்லை. அதற்கும் சேர்த்து விலை சொன்னவரிடம் அந்த வரியை அடித்துவிட்டுப் புதிய சீட்டு தரச் சொல்லியிருக்கிறேன்.