ரைட் சொன்னா ஏறணும்

நான் லைசென்ஸ் வாங்கிய கோச் எல்லாம் இல்லை. காலேஜ் ஃபுட்பால் டீமில் லெஃப்ட் விங் ஆடியவன், ஆடின மேட்சில் பாதி நேரம் லைன்ஸ்மேன் எனக்காகக் கொடியைத் தூக்கிக்கொண்டுதான் நிற்பார், ஆஃப்சைடோடு எனக்கு அவ்வளவு பழக்கம். எங்கள் ஊர்ப் பையன்களுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. பாலக்காட்டு எல்லையை ஒட்டின ஊர், இவர்கள் ஆடி வளர்ந்தது முழுக்க செவன்ஸ், பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற ஃபுட்பால். செவன்ஸில் ஆஃப்சைடு என்ற பேச்சே இல்லை. எதிராளி நம் கோல்கீப்பர், அதாவது கோலி, பக்கத்தில் நின்று வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாலும் ரெஃப்ரி ஒன்றும் கேட்க மாட்டார்.

போன பொங்கலுக்குப் பக்கத்து ஊரில் பதினோரு பேர் டோர்னமென்ட் வைத்தார்கள். பேர் கொடுத்துவிட்டு வந்தபிறகுதான் எங்கள் பேக் நாலு பேரையும், கோலிக்கு முன்னால் காவல் நிற்கிறவர்களை, உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். ஒரு ஸ்டாப்பர், அதாவது நடுவில் நிற்கிற பேக், மினி பஸ்ஸில் கண்டக்டர். இன்னொருத்தன் சமையல் கான்ட்ராக்டரிடம் வேலை, ருசி பார்த்துப் பார்த்தே வளர்ந்த உடம்பு. ரைட் பேக் பிளஸ் டூ பையன், லெஃப்ட் பேக் பாலிடெக்னிக். யாருமே ஓட மாட்டார்கள். ஓடமுடியாதவர்களை கோல்போஸ்டிலிருந்து நாற்பது கஜம் மேலே ஏற்றி நிறுத்துவது தற்கொலை என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள், எனக்கும் தெரியும்தான், ஆனால் அவர்களைக் கீழே நிறுத்தியும் பார்த்திருக்கிறேன், அதைவிட மோசம். சரி, ஆஃப்சைடு ட்ராப்தான் என்று முடிவெடுத்தேன்.

நாலு செருப்பை வரிசையாக வைத்து விளக்கினேன். பந்தை அடிக்கிற நொடியில் அவர்களின் ஸ்ட்ரைக்கர் நம் பாதியில், பந்தைத் தாண்டி, நம்மில் கடைசி இரண்டு பேரில் முன்னால் இருக்கிறவனையும் தாண்டி நின்றால் ஆஃப்சைடு. சாதாரணமாக கோலி ஒருத்தர், பேக் ஒருத்தர். அதனால் அவர்கள் அடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் நாலு பேரும் ஒன்றாக மேலே வந்துவிட்டால் அவன் மட்டும் தனியாக மாட்டிக்கொள்வான்.

சமையல்காரன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்: "அவன உள்ள உட்டுப்போட்டு நாம வெளிய வர்றதுங்களா? ஊட்டுக்குள்ள திருடன உட்டுப்போட்டு திண்ணைல வந்து உக்கார்றாப்புல இருக்குதுங்ணா."

இதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது கோபம்தான் வந்தது. 2022 உலகக் கோப்பையில் சவுதி அரேபியா அர்ஜென்டினாவை இப்படித்தானேடா 2-1 என்று கவிழ்த்தது, முதல் பாதியிலேயே மெஸ்ஸி ஒன்று, லௌடாரோ மார்டினஸ் இரண்டு, மூன்று கோல் ஆஃப்சைடில் போச்சே என்றேன். எதிரே இருந்த நாலு பேரில் மூன்று பேர் போட்டிருந்தது நீலமும் வெள்ளையும் கலந்த பத்தாம் நம்பர் ஜெர்சி. அன்று பிராக்டீஸ் அத்தோடு முடிந்தது.

மறுநாள் கயிறு. லண்டன் கிளப் ஆர்செனலுக்கு ஜார்ஜ் கிரஹாம் கோச்சாக இருந்தபோது பேக் நாலு பேரையும் கயிற்றால் பிணைத்துப் பழக்கினார் என்று படித்திருக்கிறேன், டோனி ஆடம்ஸ் காலத்தில். பால்காரர் வீட்டில் தாம்புக்கயிறு வாங்கி வந்து இடுப்போடு இடுப்பாகக் கட்டினேன். லண்டனில் எப்படிக் கட்டினார்களோ தெரியாது, இங்கே சமையல்காரன் இளைப்பு வந்து உட்கார்ந்ததும் மிச்ச மூன்று பேரும் பொத்தென்று அவன் மேலேயே விழுந்தார்கள். வரப்பில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "ஒன்ன அவுத்து உடு தம்பி, மூணும் தானா நிக்கும்" என்றார். அனுபவஸ்தர்.

அடுத்த தலைவலி, யார் குரல் கொடுப்பது, என்ன சொல்லிக் கொடுப்பது. "அப்" என்றால் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. "ஏறு" என்றால் எதிர் டீம் ஸ்ட்ரைக்கரும் சேர்ந்து ஏறுகிறான். கடைசியில் கண்டக்டர்தான் வழி சொன்னான். "ணா, எனக்கு வாயில வர்றதே ரெண்டு வார்த்தைதானுங். ரைட், ஹோல்டான்." ரைட் என்றால் எல்லோரும் மேலே, ஹோல்டான் என்றால் இருந்த இடத்தில் நிற்பது. கூட்டத்தில் பின் படிக்கட்டிலிருந்து டிரைவருக்குக் கேட்கிற குரல் அது, கிரவுண்டுக்குக் கேட்காதா. ரைட் பேக் மட்டும் ஒரு வாரம் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

எப்போது ரைட் கொடுப்பது என்பதுதான் இதில் உண்மையான வித்தை. பந்து வைத்திருக்கிறவன் தலை நிமிர்ந்து, யாரும் நெருங்காமல், சாவகாசமாகப் பார்த்துக்கொண்டிருந்தால் ஏறக்கூடாது, ஏறினால் தலைக்கு மேலே போட்டுவிடுவான். அவன் குனிந்திருக்கும்போது, முதுகு காட்டும்போது, அதையெல்லாம்விட அவன் பந்தைப் பின்னால் தள்ளும்போது ஏற வேண்டும். பந்து பின்னால் போச்சா, ரைட். இதை மட்டும் இருநூறு தடவை செய்ய வைத்தேன். தூக்கத்தில் கேட்டாலும் ஓடுவார்கள், இல்லை, வேகமாக நடப்பார்கள்.

முதல் மேட்சில் ஏழு தடவை கொடி ஏறியது. எதிர் டீம் ஸ்ட்ரைக்கர் கடைசியில் லைன்ஸ்மேனோடு பேசுவதையே நிறுத்திவிட்டான். கிரவுண்டை ஒட்டித்தான் ரோடு, அங்கே நின்ற கவர்மென்ட் பஸ்ஸில் கண்டக்டர் விசில் ஊத, ரெஃப்ரிதான் ஊதிவிட்டார் என்று எதிர் டீமில் பாதிப் பேர் அப்படியே நின்றுவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இந்த ட்ராப்பை வைத்தே பேர் வாங்கின, இங்கிலாந்தின் நியூகாசில் டீம் பேக் பில் மெக்ராக்கென் பற்றி ஒரு பழைய கதை உண்டு, அவர் ஊருக்கு ஆட வந்த டீம் ரயிலை விட்டு இறங்குகிறது, கார்ட் விசில் ஊதுகிறார், ஒரு பிளேயர், "அதற்குள் ஆஃப்சைடா?" என்கிறாராம். அப்போதெல்லாம் எதிராளிக்கும் கோல் லைனுக்கும் நடுவே மூன்று பேர் இருக்க வேண்டும், மெக்ராக்கென் மாதிரி ஆட்கள் பண்ணின அட்டகாசத்தில் கோலே விழாமல் போய் 1925-இல் அதை இரண்டாகக் குறைத்தார்கள். ஊருக்காகச் சட்டத்தையே மாற்ற வைக்கிற டீமைத் தயார் செய்துவிட்டேன் என்று அன்று ராத்திரி எனக்கு ஒரு நினைப்பு.

செமி ஃபைனல். கடைசிப் பத்து நிமிஷம், 0-0. எங்கள் இடது பக்கம் அவர்களின் விங்கர் பெனால்டி பாக்ஸ் மூலைக்குள் வந்துவிட்டான். லெஃப்ட் பேக் காலை நீட்டிச் சறுக்கினான், பந்து கிடைக்கவில்லை, சறுக்கின வேகத்தில் கோல் லைனைத் தாண்டி வெளியே போய் விழுந்தான். அங்கே பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்திருந்தது அவனுடைய அம்மிச்சி, அம்மாவைப் பெற்ற பாட்டி. முட்டியில் ரத்தத்தைப் பார்த்ததும், "அய்யோ ஏஞ் சாமி" என்று கையைப் பிடித்து உட்கார வைத்து, தூக்குப்போசித் தண்ணீரை ஊற்றி, சேலைத் தலைப்பால் துடைக்க ஆரம்பித்துவிட்டது. அவன் எழுந்திருக்கப் பார்க்கிறான், அது விடவில்லை.

இதை நான் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம், ஏனென்றால் விங்கர் உள்ளே போக வழியில்லாமல் பந்தைப் பின்னால் தள்ளினான். பாக்ஸுக்கு வெளியே நிற்கிற ஹாஃபுக்கு, நடுவில் ஆடுகிறவனுக்கு. பந்து பின்னால் போச்சு.

"ரைட்ட்ட்!"

என்ன அழகு தெரியுமா அது. மூன்று பேரும் ஒரே கோட்டில், கயிறு இல்லாமல், சமையல்காரன் உட்பட. ஹாஃப் தூக்கிப் போட்டபோது ஸ்ட்ரைக்கர் எங்கள் ஆட்களைத் தாண்டி அனாதையாக, மூன்று கஜம். நாங்கள் எல்லோரும் கையைத் தூக்கிவிட்டோம். நான் லைனுக்கு வெளியே நின்று இரண்டு கையையும் தூக்கினேன். அவன் தயங்கித் தயங்கி, கொடியைத் திரும்பிப் பார்த்து, கொடி ஏறவில்லை என்றதும் மெதுவாக எங்கள் கோலியைத் தாண்டி உருட்டிவிட்டான்.

நான் ரெஃப்ரியிடம் ஓடினேன். பாலக்காட்டுக்காரர், நிதானமான மனுஷர், என்னைக் கத்தவிட்டார். அப்புறம் கோல்போஸ்டுக்குப் பின்னால் கையைக் காட்டினார். அம்மிச்சி இன்னும் துடைத்துக்கொண்டிருந்தது. "நான் பர்மிஷன் கொடுத்தோ? இல்லைல்லோ. அப்ப ஆஃப்சைடுக்கு அவன் கோல் லைன்ல நிக்கறதாத்தான் கணக்கு சாரே."

சட்டம் அதுதான். ரெஃப்ரி அனுமதி இல்லாமல் வெளியே போன பேக், ஆட்டம் நிற்கிற வரைக்கும், அல்லது அவன் டீம் பந்தைப் பாக்ஸுக்கு வெளியே முன்னால் அடிக்கிற வரைக்கும், கோல் லைனிலேயே இருப்பதாகத்தான் அர்த்தம். அடிபட்டுக் கிடந்தாலும் சரி, அம்மிச்சி மடியில் கிடந்தாலும் சரி. அதாவது ரெஃப்ரி கணக்கில் எங்கள் கடைசி ஆள் கோலி இல்லை, அம்மிச்சியிடம் முட்டியைக் காட்டிக்கொண்டிருந்தவன். கோலி அவனுக்கு முந்தின ஆள், ஸ்ட்ரைக்கர் கோலியைத் தாண்டி நிற்கவில்லை.

1-0. தோற்றோம்.

ராத்திரி டீக்கடையில் போனில் தேடிக் காட்டினேன். 2008 யூரோ கோப்பை, இத்தாலி நெதர்லாந்து மேட்ச், இத்தாலியின் பனுச்சி தன் கோலி புஃபோன் மேலேயே மோதி லைனுக்கு வெளியே கிடக்கிறார், நெதர்லாந்தின் நிஸ்டல்ராய் தனியாக நின்று கோல் போடுகிறார், உலகமே ஆஃப்சைடு என்று கத்துகிறது, கோல் கோல்தான். 3-0. இத்தாலிக்காரனுக்கே இது நடந்திருக்கிறது, விடுங்கடா என்றேன். லெஃப்ட் பேக் முட்டியில் மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தான்.

கண்டக்டர் மட்டும் வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். டீ ஆறிவிட்டது.

"எம் மேலதான் தப்புங்ணா."

"உன்மேல என்னடா தப்பு? கரெக்டாத்தானே ரைட் குடுத்த?"

"எங்கீங்ணா. ஆள் கீழ நிக்குது, ஏறல. பாக்காம ரைட் குடுத்துப்போட்டேன்."